பஞ்சை எடுக்காத அக்கா

ரத்தம் எடுத்த கையை அக்கா லேசில் விடமாட்டார். ஊசியை உருவிய இடத்தில் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, எதிரில் இருப்பவரின் ஊர், பிள்ளைகள், இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் நின்றதா இல்லையா என்று எல்லாவற்றையும் விசாரித்து முடிப்பார். அதற்குள் வரிசை வராந்தாவைத் தாண்டி மாடிப்படி வரை போய்விடும். நோயாளியே நெளிவார். "நின்னுடுச்சும்மா, நான் புடிச்சிக்கிறேன்" என்று சொல்லிப் பார்ப்பார். அக்கா பஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்து அழுத்துவார். "நின்னாப்ல தான் கீது. கொஞ்சம் குந்து" என்பார்.

செங்கல்பட்டில் நாங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இதற்காக அவர் வாங்காத பேச்சு இல்லை. டாக்டர்கள் சிடுசிடுத்தார்கள். அக்கா டூட்டி என்றால் மத்தியானச் சாப்பாடு சாயந்திரம்தான் என்று கூட இருந்தவர்கள் கேலி பேசினார்கள். நானும் பேசியிருக்கிறேன். எனக்கு அன்றைக்கும் பொறுமை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. "யக்கா, அது கையி. தண்ணிக் குழாய் இல்ல. விடு" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்து, "உனக்கு நின்னுடுச்சு. அவருக்கு நின்னுச்சான்னு பாக்குறேன்" என்றார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஊரான அச்சரப்பாக்கத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். இது அவர் ஒருவருடைய விஷயம் மட்டும் இல்லை. அடுத்தவர் வயலில் நடவு நட்ட அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறந்து, அந்தத் தெருவிலேயே முதன்முதலாக வெள்ளை யூனிஃபார்ம் போட்டவர் என்பதை மட்டும் சொல்லலாம். எனக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். வேலையில் இருந்துகொண்டே எம்.எஸ்சி. நர்சிங் படிக்க எங்கள் இருவரையும் ஒரே வருஷம் அனுப்பினார்கள். வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

செல் உயிரியலில் தொடங்கி மரபணு நோய்கள் வரை போகும் ஒரு பெரிய பேப்பர் அதில் உண்டு. இப்போது அதே பேப்பரை நான்தான் நடத்துகிறேன். அக்காவுக்கு அது தூக்க மாத்திரை. செல்லின் சவ்வைத் தாண்டி மைட்டோகாண்டிரியாவுக்குள் பாடம் எடுக்கும் மேடம் நுழையும்போது அக்காவின் தலை என் தோளில் இருக்கும். எழுப்பினால், "அது பாட்டுக்கு அது வேலையப் பண்ணிகினு கீது. நாம எதுக்குடி உள்ள பூந்து பாத்துகினு" என்பார். பரீட்சைக்கு முன்னால் என் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார். ஜெராக்ஸ் அவருக்கு இனாம். அச்சரப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் அவருடைய தம்பி.

அந்தத் தம்பிக்காரரைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. அவருக்கு ஹீமோபீலியா. ரத்தம் உறைய வேண்டிய ஒரு பொருள் உடம்பில் ஊறாத நோய் அது. அடிபட்டால் ரத்தம் நிற்காது. அடிபடாமலேகூட மூட்டுக்குள் கசிந்து வீங்கிக்கொள்ளும். அப்படி வீங்கி வீங்கி அவருக்கு இடது முட்டி மடங்காமல் போய்விட்டது. எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் காலை நீட்டி வைத்துக்கொள்வார், எல்லாரும் சுற்றிப் போக வேண்டும். முட்டி வீங்கும்போதெல்லாம், உடம்பில் இல்லாத அந்தப் பொருளை ஏற்றும் ஃபேக்டர் ஊசி போட்டுக்கொள்ள எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அக்காவைத் தவிர வேறு யாரிடமும் கையை நீட்டமாட்டார்.

வந்தால் வார்டே கலகலவென்று ஆகிவிடும். ஒருமுறை என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு மொதப் பல்லு வுழுந்தப்ப அம்மா நடவுக்குப் பூட்ச்சு. இவதான் துணியச் சுருட்டி என் வாயில வச்சு அழுத்திகினு குந்துனா. பொழுது சாயுற வரைக்கும் வெரல எடுக்கலியே. அன்னிக்கு அவளுக்குப் பரீட்ச. பாவாடையெல்லாம் நாஸ்தி. என் உடம்பு ரத்தத்துல பாதி அந்தப் பாவாடையிலதான் கீதும்மா."

"ஊசி போடும்போது சிரிக்காதடா, பேஜாரு புடிச்சவனே" என்றார் அக்கா. அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. தாய்க்குக்கூட அவ்வளவு இருக்குமா தெரியவில்லை. அந்தக் கட்டைவிரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதன் பிறகும் கேலி பேசினேன், ஆனால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பிள்ளைக்குக் காது குத்தமாட்டார்கள். பெண்ணுக்குக் குத்தலாம், ஆணுக்குக் குத்தினால் அம்மனுக்கு ஆகாது. அக்காவின் அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். சின்ன வயதில் மொட்டை அடித்துக் காது குத்தி, அந்தக் காயத்திலேயே போய்ச் சேர்ந்தார். இன்னோர் அண்ணன் வரப்பில் விழுந்து, அடிபட்ட வயிறு வீங்கிப் போனார். அம்மன் கோபம் என்றார்கள். அந்த வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன பெண்கள், போன இடத்திலும் இந்த விதியைப் பிடித்துக்கொண்டார்கள். மாமியார் திட்டினாலும் பையன் காதில் கை வைக்க விடமாட்டார்கள். அக்காவும் தன் மகனுக்குக் குத்தவில்லை.

தம்பிக்காரருக்குக் கல்யாணம் ஆகி ஒரு மகன், ஒரு மகள். மகன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருவான், ரத்தம் வரும், தானாக நின்று பொருக்குத் தட்டும். அந்தப் பொருக்கைத் தம்பிக்காரர் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாராம். அம்மன் கோபம் தன்னோடு தீர்ந்தது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பெரியவர்கள் தடுத்தும் கேட்காமல், ஊரைக் கூட்டி, கிடா வெட்டி, மாமன் போனதற்குப் பிறகு அந்த வம்சத்திலேயே யாரும் செய்யத் துணியாத காது குத்தலைச் செய்தார். பையன் காதில் ஒரு சொட்டு வந்தது, காய்ந்தது. தம்பிக்காரர் பந்தலில் எல்லார் முன்னாலும் அழுதார். பிறகு கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கி அக்கா மடியில் வைத்து, "இவ உன் வூட்டு மருமவ" என்றார். அக்கா வாங்கி முத்தம் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கும் அக்கா மகனுக்கும் என்றுதான் இரண்டு வீட்டிலும் பேச்சு.

ஒரு நர்சுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். 'தாய் கடத்துவாள், மகனுக்கு வரும்' என்று டிப்ளமோவில் ஒரு வரி மனப்பாடம் செய்திருந்தார், அவ்வளவுதான். பையன் நன்றாக இருக்கிறான், ஆகவே தீர்ந்தது என்று ஊரே நம்பியதை அவரும் நம்பினார். சொந்த வீட்டு விஷயத்தைப் புத்தகத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்த வருஷம் தாய் வழியாக வரும் நோய்களைப் பற்றிய செமினார் அக்காவுக்கு விழுந்தது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். "இதுக்குப் பொஸ்தகமே வேணாம், எங்க வூடு கீது" என்றார். போர்டில் ஒட்டிய தாளில் குடும்ப வரைபடம் போட்டார். சதுரம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். நோய் உள்ளவரின் கட்டத்தைக் கறுப்பாக அடைக்க வேண்டும். தனக்கு நோய் இல்லாமல், பிள்ளைக்குக் கடத்தக்கூடியவள், அதாவது கேரியர், என்றால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. இரண்டு மாமன்களையும் கறுப்பாக அடைத்தார். அம்மாவின் வட்டத்தில் புள்ளி வைத்தார். தன் வட்டத்தில் கேள்விக்குறி. தம்பி, கறுப்பு. தம்பிக்குக் கீழே வெள்ளையாக ஒரு சதுரம், வெள்ளையாக ஒரு வட்டம். அந்த வட்டத்தையும் தன் மகனின் சதுரத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார்.

"இவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று மேடம் கேட்டார்.

"ஆவப் போவுது மேடம்."

வகுப்பு சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே விளக்கினார். "என் தம்பிகிட்ட கெட்டுப்போன எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு. புள்ளைக்குப் போறது ஒய்யி. அதனால புள்ள தப்பிச்சுட்டான். பொண்ணுக்குப் போறது எக்ஸு. அவன்கிட்ட இருக்கிறதே ஒரே எக்ஸு. அப்ப அவளுக்கு..."

அங்கே நின்றுவிட்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் என் நாற்காலியிலிருந்து, "அவ கேரியர்க்கா" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் திரும்பவில்லை. தம்பி மகள் பாப்பாவின் வட்டத்துக்குள் பேனாவை வைத்தார். வெகுநேரம் எடுக்காமல் வைத்திருந்ததில் புள்ளி ஊறிப் பெரிதாகிவிட்டது. நாங்கள் கைதட்டினோம். அந்த வருஷத்தின் நல்ல செமினார் அதுதான் என்று மேடமும் சொன்னார்.

அதன் பிறகு அக்கா வகுப்பில் தூங்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிக்காரர் எல்லாரையும் மாமல்லபுரத்துக்குக் கூப்பிட்டார். பாப்பாவுக்கு அங்கே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேஜையில் வேலை கிடைத்திருந்தது. முதல் சம்பளத்தில் மீன் வாங்கிக் கொடுக்கிறாளாம். "நீயும் வாம்மா, கடல் காத்து வாங்கினு போவலாம்" என்று என்னையும் அழைத்தார்கள். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அக்கா மகன் பைக்கில் வந்து சேர்ந்தான். அவனும் பாப்பாவும் அலையோரம் நடக்கப் போனார்கள். சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு மீன் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டுத் தம்பிக்காரர் காலை நீட்டி உட்கார்ந்தார். அக்கா அவருக்கு வறுத்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஈறில் முள் குத்தினால் ஆபத்து என்பதால், நாற்பது தாண்டிய மனிதனுக்கு இன்னமும் அவர்தான் முள் எடுத்துத் தருவார்.

"யக்கா, தையில வச்சுக்கலாமா?" என்றார் தம்பிக்காரர், பிள்ளைகள் போன திசையைப் பார்த்தபடி.

"வேணாண்டா."

"அப்ப மாசி?"

"கல்யாணமே வேணாம்." அக்கா மீனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "பாப்பா உடம்புல அது கீதுடா. உன்கிட்டருந்து போனது. சந்தேகமே இல்ல. நாளைக்கு அவ பெத்துக்குற ஆம்பளப் புள்ளைக்குப் பாதிக்குப் பாதி வரும். காது குத்துன ரத்தம் நின்னதும் அது தீந்துபூட்ச்சுன்னு நாமதான் தப்பாப் புரிஞ்சுகினோம். இன்னொரு புள்ளைய மடியில போட்டு என்னால துணி வச்சு அழுத்திகினு குந்த முடியாது. ஒருவாட்டி பண்ணிட்டேன். போதும்."

தம்பிக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் பொறந்திருக்கவே கூடாதுன்ற."

"நான் அத சொல்லலடா."

"அதத்தான் சொல்ற. என்ன மாதிரி ஒண்ணு உன் வூட்டுல பொறக்கக் கூடாது. அதானே?"

அக்கா வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்தார். தம்பிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க யாராவது பிடிக்க வேண்டும். அக்கா கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பார்க்காத மாதிரி, தூரத்தில் நின்ற தன் மகனைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நியாயமாகவே கோபம். வயிற்றில் இருக்கும்போதே பார்த்துவிடலாம், ஊசி இப்போது தாராளமாகக் கிடைக்கிறது, வைத்தியம் எவ்வளவோ முன்னேறிவிட்டது, இதற்காக இரண்டு வீட்டை உடைப்பதா என்று படபடவெனப் பேசினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"எல்லாம் தெரியும்டி. நீ சொல்றதெல்லாம் பரீட்சைல நானும் எழுதுவேன்."

"அப்புறம் இன்னாக்கா?"

"பயமா கீது" என்றார்.

பயம் என்பதை ஒரு காரணமாக அன்றைக்கு நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போது ஏற்றுக்கொள்கிறேன். வலி தெரிந்தவருக்குத்தான் அந்தப் பயம் வரும், பாடம் மட்டும் தெரிந்த எனக்கு எப்படி வரும்.

தம்பிக்காரர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தினார். ஊசிக்கு அதைவிடத் தூரமாக வேறொரு ஊருக்குப் போனார், அந்தக் காலை இழுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி. அங்கே வேலை செய்த ஒரு நர்சை அக்கா தேடிப் பிடித்து நம்பர் வாங்கி வைத்திருந்தார். "வந்தானா? முட்டி எப்புடி கீது? பஞ்ச நல்லா அழுத்திப் புடிச்சியா?" என்று கேட்பார். நான் கேட்டதாகச் சொல்லாதே என்று முடிப்பார்.

பாப்பாவுக்குக் கருங்குழியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அத்தைக்காரியைக் குங்குமம் வைத்து நேரில் அழைக்க வேண்டும். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. அக்கா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். உறவினர் பெயர் வரிசையில் தன் பெயர் இல்லை என்று தெரிந்தும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பாப்பாவிடம் சொல்லியிருப்பாரா என்று கேட்டேன். "அவன் வாயால சொல்ல வேண்டியத, அவன் மேடையில ஏறி நான் எப்புடிச் சொல்ல" என்றார். அந்தப் பெண்ணுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு ஏதோ ரத்த வியாதி, அது அவரோடு சரி என்றுதான் வளர்ந்திருந்தாள்.

பிறகு தம்பிக்காரர் கருங்குழிக்கு மகளைப் பார்க்கப் போன இடத்தில், பஸ் சடாரென்று பிரேக் அடித்ததில் கம்பியில் தலை மோதியது. தலையைத் தடவிவிட்டுக்கொண்டு, மகள் வைத்த நாஸ்தாவைச் சாப்பிட்டிருக்கிறார். வாந்தி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆம்புலன்ஸ். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி என்றால் எங்களுடையதுதான்.

ஊசி போடக் கையை எடுத்தது அக்கா. தம்பிக்காரர் விலக்கவில்லை. ஃபேக்டர் ஏறியது. டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ஆனால் உள்ளே நிறையக் கசிந்துவிட்டிருந்தது. நினைவு இருந்த கொஞ்ச நேரத்தில் அவர் சின்னக் குரலில் பேசினார். நான் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"யக்கா. பாப்பா முழுகாம கீறா."

"தெரியும்டா. பேசாத."

"நான் இன்னும் அவகிட்ட சொல்லல. நாலு வாட்டி வாயெடுத்தேன். என்னாலதான்னு சொல்லணுமே. நீ சொல்லிடு."

"சொல்றேன். நீ பேசாம படு."

அக்காவின் கட்டைவிரல் அவர் முழங்கையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "தலைக்குள்ளாற எப்புடிக்கா அழுத்துவ?" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. மறுநாள் காலையில் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுவாரம் அக்கா என்னை அச்சரப்பாக்கத்துக்குக் கூட்டிப் போனார். "நீயும் வா. நடுவுல எனக்கு வாய் அடைச்சுகினா நீ சொல்லு" என்றார். கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பாப்பா அப்பா வீட்டு உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிறு இன்னும் தெரிய ஆரம்பிக்கவில்லை.

அக்கா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். போர்டு இல்லை, சதுரம் வட்டம் இல்லை. அப்பாவிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது, உனக்கு ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளை என்றால் பாதிக்குப் பாதி. இப்போதே ஒரு டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு என்ன செய்வது என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யலாம், சென்னைக்கு நானே கூட்டிப் போகிறேன். வாய் அடைக்கவே இல்லை. நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"இதுக்காவத்தான் அன்னிக்கு என்ன வேணாம்னீங்களா அத்த?"

"ஆமாம்மா."

பாப்பா அழவில்லை.

"டெஸ்ட்டு வேணாம் அத்த."

"ஏம்மா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு? எங்கப்பா மாதிரி ஒண்ணு வயித்துல கீதுன்னு சொன்னா, வேணாம்னு எப்புடி அத்த சொல்வேன்? பொறந்தா பொறக்கட்டும். ஊசி போட்டு வளத்துக்கறேன். எங்கப்பாகிட்ட இன்னா கொற? கால் மடங்காது, அவ்வளவுதானே."

"ஒரு கொறையும் இல்ல" என்று மட்டும் அக்கா சொன்னார். பாப்பாவின் தலையைத் தொட்டுவிட்டு எழுந்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார். செங்கல்பட்டு வண்டி வந்தது. நான் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவர் ஏறவில்லை. இறங்கி வந்தேன். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். தம்பி செத்தபோதுகூட எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றவர்.

"இதத்தான்டி அவன் அன்னிக்குக் கேட்டான்" என்றார். "மீன் கடையில குந்திகினு இதத்தான் கேட்டான். சின்னப் பொண்ணு, யோசிக்காம சொல்லிட்டா பாரு. நீ பொறக்கலன்னா நான் நர்சே ஆயிருக்க மாட்டேன்டான்னு ஒரு வார்த்த, எனக்கு வரலியேடி."